தொடாமல் அளக்கிற மெஷின்

கடியப்பட்டணத்தில் குளோரியின் காதுபடக் கண் ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் தப்பிக்க முடியாது. மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் தொடங்கிவிடுவாள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு முகாமில் அவள் புருஷன் ததேயுஸின் இடது கண்ணுக்குப் புரை எடுத்தது, அதற்கு முந்தின நாள் ஒரு சின்னப்பயல் பேனா மாதிரி ஒரு குச்சியைக் கருவிழியில் தொட்டு அளவெடுத்தது, ஆபரேஷன் முடிந்து ஒரு வாரத்துக்குள் சீழ் பிடித்து, திருவனந்தபுரம் வரை கொண்டுபோயும் கண் போனது, எல்லாம் வரும். குச்சி பிடித்தவன் கை விளங்காமல் போகும் என்ற இடத்தில் வந்து முடியும். கேட்கிறவர் தலையாட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டும். பங்குச் சாமியார் ஒருமுறை, ஆபரேஷன் என்றால் எங்கோ ஒருவருக்கு இப்படி ஆவது உண்டு என்று ஆறுதல் சொல்லப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அவள் கணக்கு நேரானது. கண்ணைத் தொட்டான், கண் போயிற்று. அதற்கு மேல் யோசிக்க அவளுக்கு அவசியம் இருக்கவில்லை. ததேயுஸ் பக்கத்தில் இருந்தால் வலை முடிந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார்.

மிச்சமிருந்த வலது கண்ணிலும் பால் படரத் தொடங்கியது இரண்டாயிரத்துப் பதிமூன்றில். ததேயுஸ் வள்ளத்தில் என்ஜின் பிடிக்கிறவர். கடியப்பட்டணத்துக் கரைக்கு வள்ளத்தைக் கொண்டு வருவது விளையாட்டுக் காரியம் இல்லை. கடலுக்குள் பாறைகள் நிற்கின்றன. அலை எங்கே உடைகிறது என்று தூரத்திலேயே பார்த்து, ஓய்கிற நேரம் பிடித்து, உள்ளே விட வேண்டும். ஒற்றைக் கண்ணோடும் அதைச் செய்துகொண்டுதான் இருந்தார். ஒரு நாள் வள்ளத்தின் அடி பாறையில் உரசியது. கூட இருந்தவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலம் அவரைக் கூப்பிடாமல் கடலுக்குப் போய்விட்டார்கள். அதுதான் அவருக்கு வலித்தது. திட்டியிருந்தால் திரும்பத் திட்டியிருப்பார்.

ஆஸ்பத்திரி என்றாலே குளோரி குதித்தாள். குளச்சலில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜிஷாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். நாகர்கோவிலில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண்ணைத் தொடாமலே அளக்கிற மெஷின் இருக்கிறது, வெறும் வெளிச்சம்தான், எதுவும் மேலே படாது என்று விசாரித்து வந்து சொன்னாள். குளோரி அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிக் கேட்டாள். உள்ளதுதானா, ஒன்றும் படாதா, விரல்கூடப் படாதா என்று கேட்டுவிட்டு, அப்படியானால் போகலாம் என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியில் அப்படி மெஷின் ஒன்று இல்லை, இரண்டு இருந்தன. பழையது கீழே ஓர் அறையில். புதியது எதிர் அறையில், பரிசோதித்துப் பார்க்க என்று கம்பெனிக்காரர்கள் வைத்துவிட்டுப் போனது. டாக்டர் ஞானசிங் எதையும் அவ்வளவு எளிதில் நம்புகிற ஆள் இல்லை. சில மாதங்களுக்கு வருகிற எல்லோரையும் இரண்டிலும் அளப்பது, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று பார்ப்பது, பிறகு முடிவு செய்வது என்று வைத்திருந்தார். அளக்கிற வேலை சுபிதாவுக்கு. மார்த்தாண்டம் பக்கத்துப் பெண், படிப்பு முடித்து வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்பா சபையில் உபதேசியார். சுறுசுறுப்பானவள், கூடவே கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிறவள்.

குளோரிக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பும் அவளுக்கே வந்தது. கண்ணுக்குள் வைக்கிற லென்ஸுக்கு நம்பர் உண்டு. அந்த நம்பரை முடிவு செய்ய இரண்டு அளவு வேண்டும். ஒன்று கண்ணின் நீளம், முன்னாலிருந்து உள்சுவர் வரைக்கும். இன்னொன்று முன்பக்கக் கருவிழியின் வளைவு. மெஷின் ஒரு வெளிச்சத்தை உள்ளே அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வைத்து நீளத்தைச் சொல்லும். கருவிழிமேல் சில வெளிச்சப் புள்ளிகளை விழவைத்து, அவை கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிற விதத்தை வைத்து வளைவைச் சொல்லும். பழையது கொஞ்சம் புள்ளி போடும், புதியது வட்டம் வட்டமாக நிறையப் போடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"வெளிச்சம் உள்ள போயி சுவத்துல முட்டித் திரும்புமா?" என்று குளோரி கேட்டாள்.

ஆமாம் என்றாள் சுபிதா. சொல்லியிருக்க வேண்டாம். அந்த 'முட்டி'யில்தான் எல்லாம் தொடங்கியது.

டாக்டரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லி வைத்தார். இரண்டு கண்ணும் உள்ளவர்களுக்கு நம்பர் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளிக்கலாம், கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். இவருக்கு இருப்பது ஒரே கண். கடலில் கண்ணாடி போட்டால் உப்புத்தண்ணீர் தெறித்து ஒன்றும் தெரியாது. அதனால் அளவு சரியாக வராமல் கத்தியை எடுக்க மாட்டேன் என்றார். நல்ல மனுஷன் பேசுகிற பேச்சுதான். குளோரியின் காதில் விழுந்தது கத்தி மட்டும்தான்.

இனி எண்ணெய் விஷயம். ஊரில் கடற்கரைக்கு இறங்குகிற முக்கில் ஒரு குருசடி இருக்கிறது. சிலுவைக்கு முன்னால் எப்போதும் ஒரு விளக்கு எரியும். கடலுக்குப் போகிறவர்கள் அந்த விளக்கு எண்ணெயில் விரலைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்வார்கள். கட்டிக்கு, சுளுக்குக்கு, பிள்ளை பால் குடிக்காததற்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். குளோரி ஒரு சின்ன மருந்துக் குப்பியில் அதை எடுத்து மடியில் வைத்திருப்பாள். இடது கண்ணுக்குக் கட்டுப் பிரித்த அன்றும் அதைத்தான் விரலால் தொட்டு இமைக்குள் வைத்தாள். கண் சிவந்தபோது இரண்டு வேளை ஆக்கினாள். அவளைப் பொறுத்தவரை அந்தக் கண்ணுக்காகக் கடைசிவரை போராடியது அந்த எண்ணெய் மட்டும்தான். டாக்டர்கள் கெடுத்ததை அதனால் சரிபண்ண முடியாமல் போயிற்று, பாவம்.

முதல் நாள் பழைய மெஷினில் அளந்து முடித்து, எதிர் அறை காலியாகும்வரை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். உள்ளே போன வெளிச்சம் சுவரில் முட்டியிருக்கிறது. இனியும் ஒரு மெஷின் முட்டப்போகிறது. குளோரி சுற்றும் முற்றும் பார்த்தாள். குப்பியைத் திறந்து, மோதிர விரலை நனைத்து, ததேயுஸின் கீழ் இமையை இழுத்து ஒரு தொடு தொட்டாள். அவர் முகத்தைச் சுளித்தார், ஆனால் தலையை விலக்கவில்லை. அப்போதுதான் சுபிதா கூப்பிட்டாள். இருட்டறையில் தாடையைத் தாங்கியில் வைக்கச் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். கண்ணில் ஏதாவது மருந்து விட்டீர்களா?

இல்லை என்று குளோரி சொன்னாள். அது பொய் இல்லை. எண்ணெய் எப்படி மருந்தாகும்?

நீளம் இரண்டிலும் ஒன்றாக வந்தது. வளைவு ஒத்துப்போகவில்லை. பழையது ஒன்று சொன்னது, புதியது வேறொன்று சொன்னது. சாதாரணமாக இரண்டுக்கும் மயிரிழை வித்தியாசம்தான் வரும். இது லென்ஸின் நம்பரையே மாற்றுகிற வித்தியாசம். சுபிதா திரும்பத் திரும்ப எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் புது மெஷின் புதிதாக ஒன்றைச் சொன்னது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டு, கண் களைத்திருக்கும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று அனுப்பினார்.

பஸ்ஸில் குளோரி குப்பியை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வெள்ளிச்சந்தை தாண்டிய பிறகு, அந்த மெஷினுக்கு ஏதோ ஆகாத கண் பட்டிருக்கிறது என்றாள். ததேயுஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குத் தெரிந்தது பச்சையாக ஒரு புகை மட்டும்தான்.

அந்த வாரம் முழுக்க விடியற்காலம் எழுந்து எண்ணெய் போட்டாள். அவர் தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக இமையை விலக்கிப் போடுவாள். அவர் கண்ணை மூடியபடி படுத்திருப்பார். விழித்திருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாது. அவ்வளவு கரிசனமாக அந்த முரட்டு விரல் வந்து தொடும்போது, தடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரமும் அதே கதைதான். ஊரிலிருந்து வந்து சேரும்போது காலை எண்ணெய் போன இடம் தெரியாது, பழைய மெஷின் ஒழுங்காக அளக்கும். பிறகு பெஞ்சு, குப்பி, மோதிர விரல். பிறகு புது மெஷின் உளறும். இரண்டு மெஷினும் எவ்வளவுக்குச் சண்டை போட்டனவோ அவ்வளவுக்கு அவள் பயந்தாள். எவ்வளவுக்குப் பயந்தாளோ அவ்வளவுக்கு எண்ணெய் கூடியது. மருந்து விட்டீர்களா என்று சுபிதா கேட்பாள். இல்லை என்று குளோரி சொல்வாள். இப்படியே விட்டிருந்தால் இரண்டு பேரும் கிழவிகள் ஆகும்வரை கேட்டுக்கொண்டும் சொல்லிக்கொண்டும் இருந்திருப்பார்கள்.

புது மெஷினைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்கிற அளவுக்கு டாக்டர் வந்துவிட்டார். ஆனால் மற்றவர்கள் எல்லோருக்கும் அது சரியாகத்தானே சொல்கிறது என்பது அவரை உறுத்தியது. மூன்றாவது தடவை வந்தபோது, வரிசையை மாற்று, முதலில் புதியதில் எடு, பிறகு பழையதில் எடு என்றார். சுபிதா அப்படியே செய்தாள். புதியது அன்றைக்குத் தெளிவாக அளந்தது. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனபோது பழையது உளறியது.

டாக்டர் வந்து பார்த்தார். கோளாறு மெஷினில் இல்லை என்பது இப்போது தெளிவு. இரண்டு மெஷினுக்கும் நடுவில் என்னவோ நடக்கிறது. ததேயுஸைக் கூட்டிக்கொண்டு போய் உருப்பெருக்கிக்கு முன்னால் உட்கார வைத்து, வெளிச்சம் அடித்து உற்றுப் பார்த்தார். கருவிழியின்மேல் மழைநீரில் மிதக்கிற பெட்ரோல்போல் நிறம் நிறமாக ஒன்று மிதந்தது. கீழ் இமையோரத்தில் கறுப்பாக ஒரு துணுக்கு. பஞ்சில் ஒற்றி எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். விளக்குத் திரிக்கரி.

"கண்ணுல எண்ணெய் யாரு போட்டது?" என்று கேட்டார்.

ததேயுஸ் முந்திக்கொண்டார். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கண்ணைக் கசக்கிவிட்டேன் என்றார். அவர் தலையில் எண்ணெய் வைக்க முடி ஏது? சுபிதாவின் பார்வை அவர் வழுக்கைக்குப் போய்விட்டுக் குளோரியிடம் வந்தது.

குளோரிக்கு ஒளிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அவள் செய்தது திருட்டு வேலையா? குப்பியை மடியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். குருசடி எண்ணெய், எங்கள் ஊருக்கு அதுதான் துணை என்றாள்.

சுபிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று தடவையும் மெஷினோடு சேர்த்து அவள் கையையும் எல்லோரும் சந்தேகித்துக்கொண்டிருந்தார்கள். வந்த ஒவ்வொரு தடவையும் மருந்து விட்டீர்களா என்று கேட்டேனே, ஏன் மறைத்தீர்கள் என்று சத்தம் போட்டாள். விளக்கு எண்ணெயில் என்ன சக்தி இருக்கிறது என்று இப்படிச் செய்கிறீர்கள், ஜெபம் பண்ணினால் போதாதா என்றும் கேட்டாள். அது விளக்கும் எண்ணெயும் இல்லாத உபதேசியார் வீட்டுப் பேச்சு.

"ஏட்டி, நீ மருந்துன்னுதான கேட்ட? எண்ணெயின்னு கேட்டியா?" என்றாள் குளோரி. "எங்க குருசப்பன் சக்தி ஒனக்கு எதுக்கு? நீ ஒன் மெஷினப் பாரு."

டாக்டர் சிரித்துவிட்டார். மெஷின் தப்பித்த சந்தோஷம் அவருக்கு. இருவரையும் அமர்த்திவிட்டு, பொறுமையாகத்தான் சொன்னார். கருவிழிமேல் கண்ணீர் மெல்லிசாகப் படர்ந்திருக்கிறது, அதில் விழுகிற புள்ளிகளைத்தான் மெஷின் படிக்கிறது, எண்ணெய் பட்டால் புள்ளி கோணிப்போகும். நாலைந்து நாள் ஒன்றும் போடாமல் வந்தால் போதும், அளவு சரியாகிவிடும். பிறகு, போகிற போக்கில், ததேயுஸின் சுருங்கிப்போன இடது கண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தக் கண்ணுக்கும் ஆபரேஷன் முடிஞ்ச பிறகு எண்ணெய் போட்டீங்களா?"

பின்னே போடாமல் இருப்பேனா என்று சொல்லக் குளோரி வாயெடுத்தாள். பெருமையாகத்தான் சொல்லியிருப்பாள்.

"இல்ல" என்றார் ததேயுஸ். "அதுக்கு ஒண்ணும் போடல்ல."

"நல்ல வேளை" என்றார் டாக்டர். "அறுத்த கண்ணுல விரலும் எண்ணெயும் பட்டா சீழ் வச்சிரும். பின்ன யார் நினைச்சாலும் காப்பாத்த முடியாது. போட்டிருந்தீங்கன்னா அந்தக் கண்ணு அதுலதான் போச்சுன்னு சொல்லியிருப்பேன்."

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்விட்டார். குளோரி மேசைமேல் இருந்த குப்பியை எடுக்கவில்லை. சுபிதா எடுத்து நீட்டினாள், அதையும் வாங்கவில்லை. ததேயுஸ் எழுந்து, கை நீட்டித் துழாவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். வெளியே போவதற்கு வழி காட்ட வேண்டியவள் அவள்தான். அவளுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

மீனாட்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஊருக்குப் போகிற மணவாளக்குறிச்சி பஸ் நின்றிருந்தது. இருவரும் ஏறவில்லை. சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் போய்விட்டது. குளோரி தன் வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். செதில் உரசி உரசித் தோல் வெடித்த கை. காலையில் வந்திறங்கின சாளை மீனை அள்ளிப்போட்டுவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, நேரே கட்டுப் பிரித்த கண்ணுக்குப் போன கை.

"அந்தக் கண்ணுக்கு நான் எண்ணெய் போட்டது நிங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"ம்."

"எப்பம் முதல்?"

"திருவனந்தபுரத்துல சீழ் எடுக்கையில. அந்த டாக்டர் எங்கிட்ட கேட்டாரு. நீ கஞ்சி வேண்டக் கடைக்குப் போயிருந்த."

"பின்ன எதுக்கு எங்கிட்ட சொல்லேல?"

"சொல்லியிருந்தா நீ ஜீவிச்சிருப்பியா?"

குளோரிக்குக் கோபம்தான் வந்தது. நாலு வருஷமாக ஊர் முழுக்க ஒருத்தனைச் சபித்துக்கொண்டு அலைந்தேனே, பூசையில் முழங்காலில் முட்டுக்குத்தி நின்றுகூடச் சபித்தேனே, நிங்கள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள், என்னை ஒரு கோமாளி ஆக்கிவிட்டீர்களே என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. நல்லாத்தான் இருப்பான்" என்றார் ததேயுஸ்.

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது அவளுக்கு வேறொன்று தட்டியது. தெரிந்திருந்தும் இந்தக் கண்ணில் எதற்காகப் போட விட்டீர்கள் என்று கேட்டாள். அவர் சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்ததைச் சொன்னார். அறுப்பதற்கு முன்னால் எண்ணெய் பட்டால் ஒன்றும் ஆகாது, அறுத்த பிறகுதான் பயம் என்று அந்தத் திருவனந்தபுரத்து டாக்டர் சொல்லியிருந்தாராம். அதனால் இந்தத் தடவை ஆபரேஷன் முடிந்த அன்றே அவளைக் குளச்சலுக்கு அனுப்பிவிட ததேயுஸே ஏற்பாடு செய்திருந்தாராம். தனக்கு உடம்பு சரியில்லை, அம்மா உடனே வர வேண்டும் என்று ஜிஷா போன் போடுவாள். கண் ஆறுகிறவரை குளோரி அங்கேயே இருப்பாள். ஜிஷாவிடம் காரணத்தைக்கூடச் சொல்லவில்லை, சொன்னபடி செய் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கண் போனதைவிட இது அவளை அதிகமாக அறுத்தது. முப்பது வருஷம் அந்தக் கையால்தான் அவருக்குச் சோறு போட்டாள். காய்ச்சலில் கிடந்தால் அந்தக் கைதான் நெற்றியில் இருக்கும். அந்தக் கைக்குப் பயந்து, அவள் அறியாமல், அவளைத் தூரமாக்க ஒரு திட்டம் போட்டு வைத்துக்கொண்டு, தினமும் விடியற்காலம் அதற்கே கண்ணைக் கொடுத்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார். அவர்மேல் கோபப்படவும் முடியவில்லை. அவர் பயந்தது நியாயம். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த பஸ் வந்தது. அவள் எழுந்து அவரைக் கைபிடித்து ஏற்றவில்லை. சேலைத் தலைப்பை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அந்த நாலைந்து நாளும் அவள் அவரைத் தொடவில்லை. சோற்றைப் போட்டுத் தள்ளி வைப்பாள். கிணற்றடிக்குப் போக ஒரு கயிறு கட்டிவிட்டாள். கடற்கரைக்குக் குருசடி வழியாக இறங்காமல் சுற்றிப் போனாள். கண் ஆஸ்பத்திரி பற்றி மீன் வாங்க வந்த ஒருத்தி கேட்டபோது, போயிட்டு வந்தோம் என்று மட்டும் சொன்னாள். கேட்டவள் குளோரிக்கு மேலுக்குச் சுகமில்லையோ என்று எண்ணிக்கொண்டு போனாள். விடியற்காலத்தில் மட்டும், பழக்கம், தானாக விழிப்புத் தட்டும். எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருப்பாள். ததேயுஸ் கண்ணை மூடியபடி படுத்திருப்பார். ஏதாவது சொல்வாள் என்று காத்திருப்பார். விடிந்துவிடும்.

நாலாவது தடவை இரண்டு மெஷினும் ஒரே அளவைச் சொல்லின. முன்னே பின்னே மாற்றி எடுத்தும் அதே அளவு. டாக்டர் ஞானசிங் புது மெஷினைத் தட்டிக்கொடுக்காத குறை. சுபிதா இந்தத் தடவை கேள்வியையும் நீட்டியிருந்தாள். கண்ணில் மருந்து, எண்ணெய், தைலம், தாய்ப்பால், தீர்த்தம் எதுவும் விட்டீர்களா என்று கேட்டாள். இனி வருகிற எல்லோரிடமும் இப்படித்தான் கேட்கப்போகிறாளாம். அன்றைக்குச் சத்தம் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி குளோரியைப் பார்த்துச் சிரித்தாள். குளோரி ஒன்றும் விடவில்லை என்று சொன்னாள். அவள் குரல் அவ்வளவு சின்னதாக இருந்ததைச் சுபிதா கவனித்தாள், காரணம் அவளுக்குத் தெரியாது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை கட்டுப் பிரித்தார்கள். ஜிஷா வந்திருந்தாள். குளோரி மகளுக்குப் பின்னால், கதவோரம் நின்றாள். டாக்டர் தூரத்தில் எழுத்துப் பலகையைக் காட்டினார். ததேயுஸ் அதைப் படித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பினார். கட்டிடங்களுக்கு மேலே மலை தெரிந்தது. மலையில் ஒரு பக்கம் வெள்ளையாகப் பாறை இருக்கிறதே என்றார். டாக்டர் அவர் தோளில் தட்டினார். குளோரி வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அழுகை சந்தோஷத்தில் வந்ததுதான், ஆனால் சந்தோஷம் மட்டும் இல்லை.

நர்ஸ் மருந்துக் குப்பிகளைக் கொண்டுவந்து விளக்கினாள். ஒரு மாதத்துக்கு விட வேண்டும், இரண்டு மருந்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி வேண்டும், குப்பியின் நுனிகூடக் கண்ணில் படக்கூடாது. வீட்டில் யார் விடப்போவது என்று கேட்டாள்.

குளோரி ஜிஷாவை முன்னால் தள்ளினாள். எல்லாம் அவள் முடிவு செய்து வைத்திருந்தாள். அவர் குளச்சலில் மகள் வீட்டில் இருக்கட்டும், கண் ஆறுகிறவரை தான் ஊரில் தனியாக இருந்துகொள்வாள். அவர் திட்டம் போட்டதுதான், ஆளை மட்டும் மாற்றியிருந்தாள். ஜிஷாவிடம் அதைச் சொன்னபோது அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருத்தர் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லச் சொல்கிறார், இன்னொருத்தி அவரையே அனுப்புகிறாள். உங்களுக்குள் என்ன சண்டை என்று கேட்டாள்.

இங்கேயே ஒரு தடவை விட்டுக் காட்டு என்றாள் நர்ஸ். ஜிஷா கை கழுவிவிட்டு வந்து, குப்பியைத் திறந்து, அப்பாவின் நெற்றியில் கை வைத்தாள். ததேயுஸ் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். திறக்கச் சொன்னாள். திறக்கவில்லை. நர்ஸும் அதட்டினாள்.

"ஏட்டி குளோரி" என்றார், கண்ணை மூடியபடியே.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் தொட மாட்டேன்" என்றாள். "எனக்கு ஆகாது. எனக்குப் பயமாட்டு இருக்கு."

"எனக்கும் பயமாட்டுதான் இருக்கு" என்றார் ததேயுஸ். "போ. சோப்பு போட்டு நல்லாக் கைய கழுவிட்டு வா."

நர்ஸ் எதுவும் புரியாமல் ஜிஷாவைப் பார்த்தாள். குளோரி குழாயடிக்குப் போனாள். தண்ணீர் நீண்ட நேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நகத்துக்குள், விரலிடுக்கில், மோதிரத்தைக் கழற்றி அதற்கடியில், முழங்கை வரைக்கும் தேய்த்துவிட்டு, எதிலும் பட்டுவிடாமல் கைகளை முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.